கழுத்துச் செதில்

ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு படப்பிடிப்புத் தளத்து மேக்கப் அறைக்கே வந்துவிட்டாள் அவள். டிராகன் மனிதனாக நடிக்கும் கணவனின் கழுத்திலிருந்து ஒரு வாரமாகச் செதில்கள் உரியவே இல்லை.

"அக்கா, அப்படி என்ன பசை போடுறீங்க? எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயுது. நாளைக்குப் பிள்ளை பிறந்து, அப்பனைப் பாத்து மிரளணுமா?"

மேக்கப்காரி பவுடர் டப்பாவை மெல்ல மூடினாள்.

"நான் அவர் கழுத்தைத் தொட்டதே இல்லையேம்மா. முதல் நாள்லயே செதிலோடதான் வந்தாரு. வீட்டுல நீதான் பாத்துப் பாத்து ஒட்டி அனுப்புறேன்னு சொன்னாரு."

"என்கிட்ட, நீங்க ஒட்டுறதாச் சொன்னாரு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாக இந்த நேரத்துக்குக் குழந்தை உதைக்கும். இன்று உள்ளிருந்து மெதுவாகப் பிராண்டியது.