மூல காரணம்

“கண்டுபிடிச்சுட்டேன் டாக்டர்,” என்றார் தர மேலாளர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

அவர் பாட்டில் மூடி தயாரிக்கும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பானவர். லட்சம் மூடிகளில் கோணலான ஒன்றைக் காட்டினால், அது எந்த இயந்திரத்தில் எந்த ஷிப்டில் பிறந்தது என்று சொல்லிவிடுவார்.

தன் இடுப்பைச் சுற்றிய படர்தாமரை எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் ஒரு வருடமாகப் பிடிபடவில்லை.

இடுப்பில் ஆரம்பித்தது. மனைவியின் தோளுக்குப் போனது. மகளின் முழங்கைக்கும் மகனின் தொடைக்கும் போனது. மருந்து பூசினால் மறையும். ஒரு மாதம் கழித்து, வெளியூர் போயிருந்த சொந்தக்காரரைப் போல உரிமையோடு திரும்பி வரும்.

நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு நாற்காலியிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. கிளினிக் நாற்காலி. யார் யாரெல்லாம் உட்கார்ந்திருப்பார்களோ.

தோல் டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குடும்பம் அந்த அம்மாளிடம் வருவது இது ஆறாவது முறை.

மேலாளர் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். யாருக்கு, எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று ஆளுக்கொரு நிறத்தில் கோடு.

“துண்டு தனித்தனி. சோப்பு தனித்தனி. உள்ளாடை எல்லாம் கொதிக்க வெச்சு, வெயில்ல காயப்போட்டு, இஸ்திரி போட்டுத்தான் போடறோம். அப்ப நாலு பேருக்கும் பொதுவா இருக்கறது என்ன? அந்தத் துணியைத் தொடற கை.”

கை வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தது.

வீட்டோடு தங்கி வேலை செய்பவள். பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடுவார்கள். சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவள்தான். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வெள்ளைத் துணிகளைச் சுமந்துவந்து விரித்துவிட்டுப் போனதும் அவள்தான்.

“சமையல்கட்டுல நின்னு இடுப்பைச் சொறிஞ்சுக்கிட்டிருந்தா. என் கண்ணால பார்த்தேன்,” என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. “ஆறு மாசம் இருக்கும். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.”

வராந்தாவில் இருந்தவளின் துணிப்பை காரின் பின்பக்கம் இருந்தது. டாக்டர் ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. போகிற வழியில் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. பையைக் கட்டி எடுத்து வா என்று காலையில் சொன்னபோது அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதையும் மேலாளர் ஒரு சான்றாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவளை உள்ளே அழைத்தார்.

அவளுக்கு நாற்காலி இல்லை. இருந்திருந்தாலும் விரிக்கத் துணி இல்லை. நேராகத் திரைக்குப் பின்னால் போனாள்.

திரைக்கு இந்தப் பக்கம் மனைவி, “சொறியாதேடா, கௌரவமா உட்காரு,” என்று மகனின் கையைத் தட்டிவிட்டுத் தன் தோளைச் சொறிந்துகொண்டாள்.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

“பழைய தடம் இருக்கு. நோய் இல்ல. முழுசா குணமாயிடுச்சு.”

மேலாளர் தன் வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“உங்களுக்கு எப்பம்மா வந்துச்சு?” என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

“சேர்ந்த ரெண்டாம் மாசம் டாக்டரம்மா. அம்மா உடுத்தின நைட்டி ஒண்ணு குடுத்தாங்க. அதைப் போட்ட பிறகு.”

மனைவி கைப்பையைத் திறந்து அவசரமாக எதையோ தேடத் தொடங்கினாள்.

“யார்கிட்ட காட்டினீங்க?”

“யார்கிட்டயும் இல்ல.” அவள் தரையைப் பார்த்தாள். பஸ் நிலையம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. “இவங்களுக்கு நீங்க எழுதிக் குடுத்ததுதான். அரிப்பு நின்ன அன்னைக்கே டியூபைக் குப்பையில போட்டுடுவாங்க. பாதிக்கு மேல மருந்து இருக்கும். உங்க சீட்டும் கூடவே கிடக்கும். தடம் மறைஞ்ச பிறகும் ரெண்டு வாரம் விடாம பூசணும்னு போட்டிருந்தீங்க. பூசினேன். ரெண்டு வேளையும்.”

அடுத்தவர் மருந்தைப் பூசக் கூடாது என்று கண்டிக்க வாயெடுத்த டாக்டர், எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு முறையும் அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்த வரி அது. அதை ஒருவர் படித்திருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது.

“கேட்டீங்களா சார்?” என்றார். “முழுசா பூசினது இவங்க ஒருத்தர்தான். குணமானதும் இவங்க ஒருத்தர்தான்.”

மகன் தொடையைச் சொறிகிற சத்தம் மட்டும் கேட்டது. இந்த முறை யாரும் அவன் கையைத் தட்டிவிடவில்லை.

மேலாளர் மெல்ல எழுந்தார். தொழிற்சாலையில் கோணல் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசும் அதே குரலில் அவளைக் கேட்டார்.

“குப்பைத் தொட்டியில இருந்து எடுக்க உனக்கு யார் பர்மிஷன் குடுத்தது?”

துணிப்பை காரிலிருந்து வீட்டுக்கே திரும்பியது. அவளுக்குப் பதிலாக வேலைக்குப் பேசிவைத்திருந்தவள் வாரம் ஒரு நாள் விடுமுறை கேட்டிருந்தாள்.

பத்தாம் நாள் நான்கு பேருக்கும் அரிப்பு நின்றது. அன்றே மருந்தும் நின்றது.

பாதி டியூப்களை இப்போது யாரும் குப்பையில் போடுவதில்லை. மேலாளர் தன் கையாலேயே வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்.