மூன்றாவது கிண்ணம்

என் கணவர் போன அரசுக் கொள்முதல் பயிற்சியின் கடைசி நாளில், படித்ததை ஒரு பாயசப் போட்டியில் செய்து பார்க்கச் சொன்னார்கள். வீட்டிலிருந்து பாயசம் வரும்; பயிற்சிக்கு வந்தவர்கள் ருசித்து மார்க் போடவேண்டும். கிண்ணத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தன் வீட்டு டெண்டர் என்று தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

பரிசு வாங்கி ஸ்ரீவராகம் தெரு முழுக்கச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. நானும் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் சாம்பசிவன் முதல் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். இரண்டாவதற்குத் தலையாட்டினார். மூன்றாவதைக் குடித்ததும் எழுந்தே விட்டார்.

"சார், இதுக்கு நான் மார்க் போடப்படாது. இது என் ஆத்துக்காரி கைமணம்!"

"கண்டோ! இதாணு நேர்மை!" பாருங்கள், இதுதான் நேர்மை என்று மலையாளத்தில் சொல்லிப் பயிற்சியாளர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

பரிசு இரண்டாவது கிண்ணத்துக்குப் போனது. ஜெயித்தவர் பெயரை மட்டும் படித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"வருத்தப்படாதே பாகீரதி. என் மார்க்கும் விழுந்திருந்தா மூணாவதுதான் ஜெயிச்சிருக்கும். என்ன பண்றது, சட்டம்னா சட்டம்."

"பரவாயில்லைன்னா."

"அந்த முதல் கிண்ணம் இருக்கே, அய்யோ! அந்தாத்து மாமா தினம் எப்படித்தான் சாப்பிடறாரோ, பாவம்!"

"பாவம்தான்" என்றேன்.

அவர் போனபிறகு இது இரண்டாவது ஓணம். முதல் கிண்ணம் என்னுடையது என்று அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.