சாமுவேல் சாரின் துருக்கிப் பாடம்

“மிக்சியை நிறுத்து ஹெலன்! கிளாஸ் நடக்குதுல்ல?”

ஹெலன் நிறுத்தினாள். ஈஜிபுராவின் அந்த ஒற்றை அறை வீட்டில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் புருஷனின் ஆன்லைன் வகுப்பு, இந்தப் பக்கம் அவள் அடுப்படி.

“துருக்கியில சுல்தான் போயி குடியரசு வந்துச்சு. புதுச் சட்டப்படி ஒருத்தியத்தான் கட்டலாம். பொம்பளையும் விவாகரத்து கேக்கலாம். அப்புறம் ஓட்டுரிமை. சந்தேகம் இருந்தா டைப் பண்ணுங்க.”

வந்த கேள்வியைச் சாமுவேல் சத்தமாகப் படித்தார். “‘சட்டம் வந்தப்புறம் ஆம்பளைங்க வீட்ல பொண்டாட்டிகிட்ட பேசினாங்களா சார்?’ பலே ஸ்வர்ணா! சட்டம் வாசப்படி வரைக்கும்தாம்மா வரும். உள்ள மனுஷன்தான் மாறணும்.” அதையே வெகுநேரம் உருகி உருகிப் பேசினார்.

வகுப்பு முடிந்து சாப்பிட உட்கார்ந்தார்.

“இன்னைக்கு என்ன பாடங்க?”

“சொன்னா உனக்குப் புரியவா போவுது? ரசத்த ஊத்து.”

“ரெண்டு வார்த்தை பேசினா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஊற்றிவிட்டு அவள் திரைக்குப் பின்னால் போனாள்.

தட்டருகே அவர் போனில் வகுப்பு ஆப் ஒலித்தது. ‘அருமையா சொன்னீங்க சார். நாளைக்கும் வரேன். ஸ்வர்ணா.’ படித்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அடுப்படியில் ஹெலன் தன் போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, திரையை லேசாக விலக்கி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.