எழுந்திருக்காதவர்

டங், டங்.

கண்டக்டர் முத்துமாலைக்கு விசிலில் நம்பிக்கை இல்லை. விரல் மோதிரத்தால் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவார், பஸ் கிளம்பிவிடும். எத்தனையோ வருஷம் கழித்தும் அந்தச் சத்தம் சீதாலக்ஷ்மியின் காதை விட்டுப் போகவில்லை.

"பைய ஏறுங்கம்மா! பொம்பளையாளுக முன்னால போங்க!"

அம்பாசமுத்திரத்தில் புறப்பட்டு ஜங்ஷன் போகிற காலை பஸ் அது. கல்லிடைக்குறிச்சியில் அவள் ஏறும்போதே அந்த ஆள் உட்கார்ந்திருப்பார். முன்வாசலை ஒட்டிய ஒற்றை சீட்டு. தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'பெண்கள்'. அதற்கு நேர் கீழே அவர் மீசை.

வீரவநல்லூரில் கூட்டம் ஏறும். சேரன்மகாதேவியில் மூச்சு முட்டும். ஆள் அசைய மாட்டார். யாராவது கைக்குழந்தையோடு நின்றால், குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். சீட்டை மட்டும் தர மாட்டார்.

"ஏன் வே, மேல எழுதியிருக்கது கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தெரியுது" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சீதாலக்ஷ்மி பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தினாள். பழைய நாவல்களின் கதாநாயகன் அவளுக்கு மனப்பாடம்.

"பெண் உள்ளே வந்தால் எழுந்து நிற்பான். கோபத்திலும் குரல் உயராது. தன் பெருமையைத் தன் வாயால் சொல்லவே மாட்டான்."

"அப்படி ஒருத்தரை நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்?" என்றது கடைசி பெஞ்சு.

"நான் வர்ற பஸ்ஸில் இல்லை."

வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று.

அந்த ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பித் தட்டோடு கூடத்துக்குள் வந்தவள் தட்டைக் கீழே போடாதது அப்பா செய்த புண்ணியம். பாயில் அந்த மீசை! பெயர் கோபாலசுப்பிரமணியன், ஜங்ஷனில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை.

அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். இங்கே மட்டும் முழங்கால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"பொண்ணை ஏதாவது கேக்கணும்னா கேளுங்கோ" என்றார் அப்பா.

"நான் கேக்கலாமா?" என்றாள் சீதாலக்ஷ்மி. கூடமே நிமிர்ந்தது.

"தினம் பொம்மனாட்டி சீட்டுலதானே உக்காந்துண்டு வரேள்?"

"ஆமா."

"கைக்குழந்தையோட நிக்கறவாளுக்குக்கூட ஏன் எழுந்துக்கறதில்லை?"

அவர் முகம் சிவந்துபோயிற்று. பெரியவர்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அதை... இங்க வச்சுச் சொன்னா நன்னா இருக்காது."

அவர்கள் வாசலைத் தாண்டியதும் வீட்டில் பட்டிமன்றம் தொடங்கியது.

"மூலமா இருக்கும்" என்றார் பெரியப்பா. அனுபவஸ்தர்.

"மூலம்னா நின்னுண்டுன்னா வரணும் பெரியப்பா!" என்றாள் தங்கை ப்ரீத்தி.

"எதுவா வேணா இருக்கட்டும். எழுந்துக்கத் தெரியாதவரோட ஆயுசு பூரா உக்காந்திருக்க என்னால முடியாதுப்பா."

"வர்ற பிள்ளைக்கெல்லாம் பரீட்சை வச்சா யாருடி மிஞ்சுவா?" என்றாள் அம்மா. "நல்ல குடும்பம். உனக்கும் வயசாயிண்டே போறது."

அவள் கேட்கவில்லை. சாயங்காலமே அப்பா தரகருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் ஒற்றை சீட்டு காலி. ஆளைக் காணோம். ஒரு கோட்டையைப் பிடித்தவள் போலச் சீதாலக்ஷ்மி அதில் உட்கார்ந்தாள். ஜங்ஷன் வரை ஜன்னல் காற்று ஜோராக வந்தது.

ஜங்ஷனில் எழுந்தாள்.

சர்ர்ர்.

சீட்டின் பின்முனையில் தகரம் பெயர்ந்து அரிவாள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. புடவை பின்னால் ஒரு முழத்துக்குக் கிழிந்து அதிலேயே தொங்கியது.

பத்தமடையில் ஏறியிருந்த ஆபிதா பீவி டீச்சர், "யா அல்லா!" என்று ஓடி வந்து, தன் வெள்ளைத் துப்பட்டியில் பாதியை இழுத்து அவளையும் சேர்த்து மூடினார்.

"பாத்து உக்காரக் கூடாதாம்மா? போன வருஷம் எம் மவ பாவாடையும் இப்படித்தான் கிழிஞ்சுது. பஸ்ஸே வேடிக்கை பாத்துது. காலேஜுக்கே போகமாட்டேன்னு படுத்துக்கிட்டா. மறுநாள்லேருந்து அந்த சார் அம்பாசமுத்திரத்துல ஏறினதுமே அதுல உக்காந்துக்கிடுதாரு. டிப்போவுல சொல்லிச் சொல்லி அலுத்துட்டாரு. எத்தனை பேண்ட் கிழிஞ்சுதோ! லீவே போடமாட்டாரு, இன்னைக்கு என்னவோ ஆளைக் காணும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நல்லா சொன்னீங்க போங்க. நெறஞ்ச பஸ்ஸுல ஒரு ஆம்பளை, 'உன் பின்பக்கம் கிழியும்'னு எந்தப் பொம்பளைகிட்டச் சொல்லுவாரு? ஏன்னு கேட்டா எம் மவ கதையையும்லா சொல்லணும்?"

சீதாலக்ஷ்மி ஒரே துப்பட்டிக்குள் ஆபிதா பீவியையும் இழுத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அந்த அம்பாசமுத்திரத்து வரன்..."

"அதான் வேண்டாம்னு சொல்லியாச்சேம்மா. அவாளுக்கு ஆழ்வார்குறிச்சியிலயும் ஒரு ஜாதகம் பொருந்தியிருந்துதாம். இன்னிக்கு லீவு போட்டுட்டு அங்க பொண்ணு பாக்கக் கிளம்பிட்டாளாம். ஏன் கேக்கறே?"

ஆவணியில், ஆழ்வார்குறிச்சியில், கோபாலசுப்பிரமணியனுக்குக் கல்யாணம் நடந்தது.