மூஞ்சூற்றின் கற்பூரம்

மூஞ்சூறு எலியே அல்ல என்று நூலறிந்தவர்கள் சொல்வார்கள். ஆசைப்படுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

மரத்தடிப் பிள்ளையாரைச் சுமந்துவந்த ஒரு மூஞ்சூற்றுக்கு, தீபாராதனை எப்போதும் தலைக்கு மேலேதான் நடந்தது. ஓய்வுபெறும் நாளிலாவது தன் முகத்துக்கு நேரே ஒருமுறை காட்டச் சொல்ல வேண்டும் என்று அது ஏங்கியது.

கற்பூரம் வாங்குவதற்காக வெல்லம் சேர்த்தது. எறும்புகள் பாதைவரி என்று பாதியை எடுத்துக்கொண்டன. போன வருஷம் ஓர் உருண்டை வெல்லத்துக்குத் தந்த கற்பூரத்துக்கு, இந்த வருஷம் மூன்று கேட்டது அணில். எனவே அகப்பட்ட வெல்லத்தையெல்லாம் அன்றன்றே கற்பூரமாக மாற்றி, தகர டப்பாவின் மூடியில் இருந்த கீறல் வழியே போட்டுவந்தது. யாரும் தின்னாத பொருள் என்று நிம்மதியாக இருந்தது.

"டப்பாவுல என்ன, அண்ணாச்சி?" என்று சுவர்ப்பல்லி அடிக்கடி கேட்கும்.

"உன் வேலையைப் பாரு."

ஓய்வுபெறும் நாளில் மூடியைத் திறந்தது. உள்ளே ஒரு துண்டுகூட இல்லை.

"கற்பூரமா? நாலு மிளகைக் கூடப் போட்டிருந்தா காத்துல கரைஞ்சிருக்காதே. எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றது பல்லி.

"சொன்னா பங்கு கேப்பியோன்னு..."

"நான் பூச்சி தின்னுறவ, அண்ணாச்சி."

டப்பாவில் வாசனை மட்டும் மிச்சமிருந்தது. மூஞ்சூறு இரண்டு கைகளையும் அதற்குள் நீட்டி, எடுத்து, கண்களில் ஒற்றிக்கொண்டது.