ஆடி வெள்ளிப் புடவை

"செத்துப் போனவளுக்குப் பட்டு, உயிரோட இருக்கிற எனக்கு நைட்டி! நீயே சொல்லு ஆஞ்சலாக்கா, இது நியாயமா?"

ஷோபா துணியை உதறிய வேகத்தில் பக்கத்து வீட்டு ஆஞ்சலாவின் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"ஏ, மெதுவாடி! வருஷத்துக்கு ஒருவாட்டி உன் வீட்டுக்காரரு மூத்த சம்சாரத்தைக் கும்புடறாரு. அதுக்கா இவ்ளோ கோவம்?"

"கும்புடட்டும், யாரு வேணாம்னாங்க? தாலியோட போனவளைப் பூவாடைக்காரின்னு புடவை வச்சுக் கும்புடறது எங்க ஜனத்துல எல்லார் வீட்லயும் உண்டு. அப்புறம் அந்தப் புடவையை வீட்டுப் பொம்பளைதான் எடுத்துக் கட்டிக்கணும். இவரு தொடவே விடமாட்டேங்கிறாரே! நேரா கோயில்ல குடுத்துட்டு வர்றாரு. அவ புடவை என் மேல படக் கூடாதாம்!"

"பாமா மேல அவ்ளோ பிரியமா?"

"பீன்யா ஃபேக்டரிக்கு லீவு போட்டு, சிக்பேட்டையில கடை கடையா ஏறி இறங்கி எடுத்தாந்திருக்காரு. மாம்பழக் கலரு! எனக்கு என்ன கலர் பிடிக்கும்னு அந்த மனுஷனுக்குத் தெரியுமா?" ஷோபாவின் குரல் உடைந்தது. "போட்டோவுல அவ சிரிக்கிறதைப் பார்த்தாலே பத்திக்கினு வருதுக்கா."

ஆஞ்சலாவுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"அப்ப நீயே பாமா வந்த மாதிரி ஆடிடு. 'புடவையை ஷோபாவுக்குக் குடு'ன்னு சொல்லு. மாட்டேம்பாரா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஷோபா சிரிக்கவில்லை.

ஆடி வெள்ளி சாயங்காலம். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். பாமாவின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வடை, பாயசம், பக்கத்தில் புடவை, புடவை மேல் ஒரு பந்து மல்லிகை. ரங்கா கற்பூரம் ஏற்றினான்.

அது பாதி எரிவதற்குள் ஷோபா கூந்தலை அவிழ்த்துவிட்டாள். உடம்பை முறுக்கிக்கொண்டு ஆடினாள்.

"டேய் ரங்கா! வந்திருக்கிறது யாருன்னு தெரியுதா?"

அப்படிக் கூப்பிடுவது அவளுக்குக் கொஞ்சம் சுகமாகவே இருந்தது.

தட்டு அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. "பா... பாமாவா?"

"பாமாதாண்டா! எனக்கு ஒரு குறை இருக்குது!"

அடுத்தது புடவைப் பேச்சு. அவள் வாயெடுப்பதற்குள் ரங்கா நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான்.

"இவளை விட்டுடும்மா! உன் புடவை பட்டா இவ மேல வந்துடுவியோன்னு பயந்துதானே இத்தனை வருஷமா இவளைத் தொடவே விடல! சந்தேகப்பட்டு உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனவன் நான்தானே... நெஞ்சு வலியில தட்டித் தட்டி வீங்கின கையோட நீ கதவுகிட்டயே செத்துக் கிடந்ததை, இன்னி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம மறைச்சவனும் நான்தானே!"