பெற்றவர் இலக்கு

விசா அலுவலகத்துப் பெட்டி பொல்லாதது. மனதில் இல்லாத இலக்கைச் சொன்னால் சிவப்பு விளக்கு எரியும், மனதார இருந்தால் பச்சை. இதழினிக்குச் சட்டென்று பச்சை எரிந்துவிட்டது. நார்வேயில் கடற்பாசி ஆராய்ச்சி, கொஞ்சம் கோபத்தைக் குறைப்பது என்று மளமளவென்று சொல்லிவிட்டாள். பிள்ளை திரும்பும்வரை பெற்றவருக்கும் சொந்தமாக ஓர் இலக்கு வேண்டும் என்பது விதி. அங்கேதான் அவளுடைய அப்பா தணிகாசலம் மாட்டிக்கொண்டார்.

"எம்பொண்ணு நல்லா படிக்கணும்."

"அது உங்கள் மகளின் இலக்கு. உங்களுடையதைச் சொல்லுங்கள்," என்றது பெட்டி.

"அவ வேளாவேளைக்குச் சாப்பிடணும்."

"அதுவும் மகளுடையது."

"அப்போ நான் தினம் வாக்கிங் போறேன்."

சிவப்பு எரிந்தது. வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள்.

மனைவி இறந்ததிலிருந்து தனக்கும் மகளுக்குமாக உலை வைத்துப் பழகிய கை அவருடையது. தணிகாசலம் இதழினியின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் பக்கம் குனிந்தார்.

"ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போடப் பழகணும்."

பச்சை எரிந்தது.

படியிறங்கும்போது இதழினி அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் பழகிடாதப்பா."